ஒரு வாரம் லீவு போட்டும் சோர்வு போகவில்லை என்றால்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மும்பை செம்பூரில் ஒரு ஒன் ஆர்கே (ஒரு அறையும் சமையலறையும் மட்டும்) வீட்டில் இருந்துகொண்டு மூன்று வருடமாகத் தமிழ் மொழிபெயர்ப்பும் சப்டைட்டிலும் ஃப்ரீலான்ஸாகச் செய்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முன்னால் படுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. போன மாதம் திருநெல்வேலிக்குப் போய் ஒரு வாரம் லேப்டாப்பைத் திறக்காமல் இருந்தீர்கள். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிட்டது. பர்ன்அவுட் ஆகாமல், அதாவது வேலையால் ஆளே தேய்ந்து ஓய்ந்துபோகாமல், எப்படித் தப்பிப்பது, இல்லை பேசாமல் ஒரு கம்பெனி வேலைக்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: உங்களை உறுத்துவது அந்த ஒரு வாரம்தான். ஓய்வெடுத்தும் ஏன் சரியாகவில்லை என்பதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் வழி தெரிந்துவிடும்.

நான் மும்பையில் விளம்பரம், டப்பிங், சப்டைட்டில் என்று தமிழ் எழுதிப் பிழைப்பவன். மாதச் சம்பளம் வாங்கி வெகுகாலம் ஆகிறது. டாக்டர் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. ஆகவே உடம்பையும் மனதையும் பற்றி நான் சொல்வது படித்தறிந்தது; காசையும் கிளையன்டையும் பற்றிச் சொல்வது பட்டறிந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்திருக்கிறது, நோய் என்று சொல்லவில்லை. 2019-ல் ஏற்கப்பட்ட அந்தப் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று அடையாளங்கள் உண்டு: சக்தியெல்லாம் வடிந்துபோன சோர்வு, வேலையின் மேல் ஒட்டாமையும் கசப்பும், செய்யும் வேலையில் திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு. முதலாவது உங்களிடம் தெளிவாக இருக்கிறது. ‘கிளையன்ட் பெயர் போனில் வந்தாலே எரிச்சல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டாவது. மூன்றாவது இன்னும் முழுதாக வரவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்த ஒரு சீரியலின் வசனத்தைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் பெருமை தெரிகிறது. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய ரத்தக்குழாய் நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்கிறது. இது லட்சக்கணக்கானோரை வைத்துப் பார்த்த சராசரி, உங்கள் ஜாதகம் இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்லும் நேரக் கணக்கு 55-ஐத் தாண்டி எங்கோ போய்விட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதே சோர்வு தைராய்டு குறைந்தாலும் வரும், ரத்தசோகையாலும் வரும், பி12 குறைந்தாலும் வரும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் வேலை டென்ஷன் தலையில் கட்டிவிட்டு வருடக்கணக்கில் சும்மா இருப்பார்கள். ஒரு நாள் காலையில் பக்கத்து லேபில் தைராய்டுக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். வேலை மட்டுமில்லாமல் சாப்பாடு, சினிமா, நண்பர்கள் எதிலுமே பிடிப்பு இல்லை, விடியற்காலை விழிப்பு வந்து பிறகு தூக்கமே வரவில்லை, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது பர்ன்அவுட் என்ற பேச்சைத் தாண்டிய விஷயம். அப்போது இந்தப் பதிலை மூடிவிட்டு 14416-க்கு அடியுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

சரி, லீவுக்கு வருவோம். விடுமுறையின் பலன் திரும்பி வந்த சில வாரங்களில் கரைந்துவிடும் என்பது ஆய்வுகளிலும் பார்த்த விஷயம்தான். உங்களுக்கு மூன்றே நாளில் கரைந்ததற்குக் காரணம் வேறு. ஊரில் இருந்த ஒரு வாரமும் வருமானம் இல்லை, வரவேண்டிய பாக்கி வரவில்லை, மறுத்த இரண்டு வேலைகள் யார் கைக்குப் போயினவோ என்ற யோசனை வேறு. கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-களிலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். வேலைப்பளு, வேலை மேல் நமக்குள்ள பிடி, கிடைக்கும் பலன், கூட இருப்பவர்கள், நியாயம், நாம் மதிக்கும் விஷயங்கள் என்று ஆறு இடங்களில் எங்கே பொருத்தம் கெட்டாலும் மனிதர் தேய ஆரம்பிப்பார் என்றார்கள். லீவு போட்டால் இந்த ஆறில் முதலாவது மட்டும்தான் ஒரு வாரத்துக்குக் குறையும். மாஸ்லாக்கின் ஆரம்ப ஆய்வுகள் மருத்துவம், சமூகப்பணி போன்ற துறைகளில் இருந்தவர்களை வைத்துச் செய்தவை. தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு அப்படியே பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை, இந்தத் தொழிலில் படுத்துவிட்டவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று இருந்தது. ஒரு வேலையை வேண்டாமென்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அந்த நிலை இல்லாமல் போனது பெரும்பாலும் காசுக் கணக்கால்.

ஒரு பேப்பரை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் அதை முப்பதால் வகுத்து, ஒரு நாளைக்கு 1,700 ரூபாய் வந்தால் போதும் என்று ரேட் சொல்லிவிடுகிறார்கள். வருடத்துக்கு 365 நாள். சனி, ஞாயிறு 104. பண்டிகை ஒரு 12. காய்ச்சல், ஊர்க் கல்யாணம், சும்மா இருப்பது எல்லாம் சேர்த்து 18. மிச்சம் 231. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு இன்வாய்ஸ் அனுப்புவது, பாக்கிக்கு நச்சரிப்பது, இலவச சாம்பிள் டெஸ்ட் எழுதிக் கொடுப்பது என்று போய்விடும். ஆக, காசு வரும் நாட்கள் 185 என்று வையுங்கள். வீட்டுக்கு வேண்டிய ஆறு லட்சத்தோடு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், லேப்டாப் தேய்மானம், இன்டர்நெட், வரி என்று ஒன்றரை லட்சம் சேர்த்தால் ஏழரை லட்சம். 185-ஆல் வகுத்தால் நாளைக்கு 4,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். 1,700-க்கு ரேட் சொல்லிவிட்டு 4,000 சம்பாதித்தாக வேண்டும் என்றால் மனிதன் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமையை விற்பான், அப்புறம் ராத்திரியை விற்பான். உங்கள் இரண்டு மணி கண்விழிப்பு ரேட் கார்டிலேயே எழுதி வைக்கப்பட்டது. நேர மேலாண்மை ஆப் எதைப் போட்டாலும் அது தீராது.

ரேட்டை ஏற்று என்று சொல்வது சுலபம். நடைமுறையில் உங்கள் கிளையன்டுகள் ஒரே ரகமாக இருக்க மாட்டார்கள். சப்டைட்டில் வேலை ஸ்டூடியோவிலிருந்து பெரிய வெண்டருக்கு, அவரிடமிருந்து சின்ன வெண்டருக்கு, பிறகு உங்களுக்கு என்று இறங்கி வருகிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று மேலேயே முடிவாகிவிடும். நீங்கள் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே பேரம் பேசி மனம் நோகாதீர்கள். பேசக்கூடிய இடம் விளம்பரமும் கம்பெனிகளிடமிருந்து நேரடியாக வரும் வேலையும். எனக்குத் தெரிந்தவர்களில் ரேட் ஏற்றியபோது போனவர்கள் பெரும்பாலும் தொல்லை கொடுத்த கிளையன்டுகள்தான். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் புது ரேட் சொல்லிப் பாருங்கள். பழையவர்களை ஒவ்வொருவராக மாற்றலாம்.

விளம்பர வேலையில் எங்கே உயிர் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு மெசேஜ்: ‘ஸ்மால் ஜாப், டூ லைன்ஸ் ஒன்லி.’ ஒரு ஹிந்தி வரியும் அதன் கீழே ஒரு லோகோவும் இருக்கும். அந்த இரண்டு வரியைத் தமிழில் உட்காரவைக்க அரை நாள் ஆகும். அனுப்பியதும் தமிழ் தெரியாத பிராண்ட் மேனேஜர் அதை கூகுளில் போட்டு ஆங்கிலத்தில் திருப்பிப் படித்துவிட்டு, ஃபீல் இல்லையே என்பார். அவர் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் சேலத்துக்காரர் ஒருவர் இருப்பார்; ‘எங்க வீட்ல இப்படிச் சொல்ல மாட்டோம்’ என்று அவர் ஒரு கருத்துச் சொல்வார். அப்புறம் லேஅவுட்டில் இடம் பத்தவில்லை, நான்கு எழுத்துக் குறைக்க முடியுமா என்று ஆர்ட் டைரக்டர். ஏழாவது வெர்ஷன் போகும்போது மணி பதினொன்று, கடைசியில் போஸ்டரில் வருவது இரண்டாவது வெர்ஷன். இதற்கு வார்த்தைக் கணக்கில் காசு வாங்கினால் தேய்மானம்தான் மிச்சம். டேக்லைன் வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை, அதில் இரண்டு தடவை திருத்தம் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனிக் காசு என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே மெயிலில் எழுதிவிடுங்கள். போனில் சொன்னால் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது திருத்தத்துக்குக் காசு என்று எழுதிய பிறகு சேலத்துக்காரரின் கருத்து கேட்கப்படுவதே இல்லை.

வருடம் முழுக்க ஒரே சீராக வேலை வரும் என்றும் நினைக்காதீர்கள். ஏப்ரல், மே வாக்கில் அட்சய திருதியைக்கு நகைக்கடை, ஜூலையில் ஆடித் தள்ளுபடி, ஆகஸ்ட்டிலிருந்து தீபாவளி முடியும் வரை தலைதூக்க முடியாது, டிசம்பர் கடைசியில் பொங்கல். நடுவில் காற்று வாங்கும் மாதங்கள் உண்டு. தீபாவளி சீசனில் பத்து மணி நேரம் உழைப்பதில் தப்பில்லை. அதே வேகத்தைப் பிப்ரவரியிலும் ஓட்டப் பார்ப்பதுதான் சிக்கல். வேலை இல்லாத பயத்தில் குப்பை ரேட்டுக்கு எதையாவது எடுத்துக்கொள்கிறோம். சீசன் காசில் ஒரு பங்கைத் தனி அக்கவுண்டில் போட்டு, மூன்று மாதச் செலவு சேரும் வரை அதைத் தொடாமல் இருந்தால் பிப்ரவரி வேறு மாதிரி இருக்கும்.

இனி பாக்கி. வேலையைவிட, வேலை செய்த காசுக்காகக் காத்திருப்பதுதான் ஆளைத் தின்கிறது என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுப்பது இங்கே சர்வசாதாரணம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சிறு தொழில்களைப் பதியும் அரசின் உத்யம் தளத்தில் பதிந்தால் நீங்களும் குறுந்தொழில்தான். பதிவுக்குக் காசு கிடையாது, கேட்டு வரும் ஏஜென்டுகளை நம்பாதீர்கள். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 2023-24 கணக்கு வருடத்திலிருந்து: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்தக் கம்பெனி அந்த வருடச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது, எப்போது கொடுக்கிறதோ அந்த வருடத்தில்தான் காட்ட முடியும். அதனால் இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டுவிட்டு, பிப்ரவரி கடைசியில் அக்கவுண்ட்ஸுக்கு மரியாதையாக ஒரு ஞாபக மெயில் அனுப்பினால் சில ஃபைல்கள் தானாக நகரும். எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தளத்தில் புகார் கொடுக்கவும் முடியும். ஆனால் புகார் கொடுத்த கிளையன்ட் மறுபடி கூப்பிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இனி இந்த ஆள் வேண்டாம் என்று முடிவான பிறகு எடுக்கும் ஆயுதம் அது. வெளிநாட்டு ஏஜென்ஸிகளிடம் இது எதுவும் செல்லாது, அங்கே பாதி முன்பணம்தான் வழி.

மறுப்பதற்கு வருகிறேன். வெறும் ‘முடியாது’ சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. கையில் ஒரு பெயர் இருந்தால் வரும். தாராவியிலோ முலுண்டிலோ நவி மும்பையிலோ உங்களைப் போலவே தமிழ் எழுதுகிற இரண்டு மூன்று பேரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வாரம் என்னால் ஆகாது, இவரைக் கேட்டுப் பாருங்கள், நன்றாகச் செய்வார்’ என்று சொன்னால் கிளையன்டுக்கும் வேலை நடக்கும், அவருக்கும் நீங்கள் உபயோகமான ஆளாகவே இருப்பீர்கள். கிளையன்டையே கொத்திக்கொண்டு போய்விடுவார்களே என்று கேட்பீர்கள். சில சமயம் போவார்கள். ஆனால் அவர்களுடைய வேலையும் உங்களுக்கு வரும், எந்த ஸ்டூடியோ பணம் தராமல் இழுக்கிறது என்ற தகவல் அதற்கும் முன்னால் வரும். மாஸ்லாக் சொன்ன ஆறில் கூட இருப்பவர்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அநேகமாகக் காலியாகவே கிடக்கும் இடம். மாதம் ஒரு தடவை மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டு கிளையன்டுகளைத் திட்டுவதற்கு நான்கு பேர் இருந்தாலே நிறைய இறங்கிவிடும்.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஒன்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மெஷின் மொழிபெயர்த்ததைத் திருத்திக் கொடுக்கும் போஸ்ட் எடிட்டிங் வேலை. பாதி ரேட், இரண்டு மடங்கு வேகம் என்று கணக்குச் சொல்வார்கள். பேச்சு அதிகமான ஒரு மணி நேர எபிசோடில் சில நூறு சப்டைட்டில்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மாமியாரை ‘நீ’ என்கிறதா ‘நீங்க’ என்கிறதா என்று மெஷினைச் சந்தேகப்பட்டுக்கொண்டே போக வேண்டும். எழுதுகிற சந்தோஷம் துளியும் இல்லாத கவனம் அது. என் அனுபவத்தில், சொந்தமாக மொழிபெயர்த்த நாளைவிட அந்த நாள்தான் அதிகம் களைப்பாக இருக்கும். மற்றவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். எடுத்துக்கொண்டால் மணிக்கணக்கில் காசு கேளுங்கள், ஒரு நாளில் பாதிக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள்.

இடம், நேரம் பற்றிச் சுருக்கமாக. ஒன் ஆர்கே-யில் கட்டில்தான் ஆபீஸ், ஆபீஸ்தான் கட்டில். ஸாபினே ஸொன்னன்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளரின் ஆய்வுகள் அழுத்திச் சொல்வது, வேலை நேரம் முடிந்ததும் மனம் வேலையை விட்டு விலகுவதுதான் மறுநாளுக்கான தெம்பு என்று. அதற்கு வேலை வேறு இடத்தில் நடப்பது உதவும். கோ-வொர்க்கிங் என்ற வாடகை ஆபீஸ் இடத்துக்குச் செலவு செய்ய முடியாவிட்டால், மாணவர்களுக்கு மாதக் கட்டணத்தில் நடக்கும் அப்யாசிகா படிப்பறைகள் மும்பையில் நிறைய இருக்கின்றன. பெரியவர்களையும் சேர்ப்பார்களா என்று பக்கத்தில் விசாரியுங்கள். அங்கே போன் பேச முடியாது என்பதே ஒரு லாபம். வாட்ஸப்பில் வேலைக்குத் தனி நம்பர் வைத்து, ராத்திரி எட்டு மணிக்கு அந்த சிம்மை அணைத்துவிடுங்கள். அமெரிக்க கிளையன்ட் என்றால் இது நடக்காது. கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்பது கோடையில் நமக்கு ராத்திரி ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் அவர்களுக்கு என்று ஒதுக்கி, மறுநாள் காலையைக் காலியாக விடுங்கள்.

தியானம், யோகா, இருபத்தைந்து நிமிட டைமர் இவற்றைப் பற்றி நிறையப் பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கெடுதல் இல்லை, சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் தவறான ரேட்டையும் தொண்ணூறு நாள் பாக்கியையும் பிராணாயாமத்தால் சரிசெய்ய முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தூக்கத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். கணக்கெல்லாம் சரியாக ஆறு மாதம் ஆகும், தூக்கத்தை இந்த வாரமே சரிசெய்ய ஆரம்பிக்கலாம்.

கடைசியாக, வேலைக்கே போய்விடலாமா என்ற கேள்வி. போவதில் அவமானம் ஒன்றுமில்லை. என்னோடு ஆரம்பித்தவர்களில் நல்ல எழுத்துக்காரர்கள் பலர் லோகலைசேஷன் கம்பெனிகளில் போய் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் இந்தக் களைப்பில் முடிவெடுக்காதீர்கள், களைப்பில் எந்தக் கதவும் வாசலாகத் தெரியும். மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு போட்டுப் பாருங்கள். ஒரே கிளையன்டிடமிருந்து பாதி வருமானத்துக்கு மேல் வருகிறது என்றால், நீங்கள் ஏற்கெனவே லீவும் பிஎஃப்பும் இல்லாத ஊழியர்தான். அவரிடமே போய், மாதம் இத்தனை நாள் உங்களுக்கு, அதற்கு நிலையான தொகை, ஒன்றாம் தேதி கையில் என்று ரிடெய்னர் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வாடகைக் கவலை போய்விடும், மிச்ச நாட்களுக்குப் பிடித்த வேலையைத் தேடலாம். ஒத்துக்கொள்ளாமல், ஆறு மாதம் முயன்றும் நாளுக்கு 4,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை என்றால் வேலை தேடுங்கள். இன்டர்வியூவில் மூன்று வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். டைட்டில்களின் பட்டியலையும் ஐடிஆர் ரிட்டர்ன்களையும் தயாராக வைத்திருங்கள், மும்பையில் வீட்டு ஓனர் அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போதும் அந்த ரிட்டர்ன்தான் உதவும்.